வெளியே வந்தவர்களின் குரல்

(பழைய மாணவிகள் சங்க மெல்பேண் கிளையின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விடுதிக் கதைகள் ஏதாவது சொல்லுங்கள் என்றுதான் செயலாளர் எங்களைக் கேட்டார். விடுதிக் கதைகள் எங்களிடம் நிறைய உண்டு. அவற்றில் பாதி ரீச்சர்மார் முன்னால் சொல்லக்கூடியவை அல்ல. அதனால் கடந்த சில வருடங்களாக நாங்கள் மூவரும் சனிக்கிழமைகளில் செய்துவரும் ஒரு வேலையைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். நாங்கள் ஒரு பொட்காஸ்ட் நடத்துகிறோம். வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த அக்காமாருக்காகச் சொல்வதென்றால், கைத்தொலைபேசியில் நினைத்த நேரத்தில் கேட்கக்கூடிய ஒரு வானொலி நிகழ்ச்சி. ஆங்கிலத்தில் ‘கல்ட்’ என்று சொல்கிறார்களே, அப்படியான குழுக்களுக்குள் வருடக்கணக்காக இருந்துவிட்டு வெளியே வந்தவர்கள் அதில் தங்கள் கதையைச் சொல்கிறார்கள்.

‘கல்ட்’ என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் கிடைக்காமல் ஆரம்பத்தில் திண்டாடினோம். ‘மதக்குழு’ என்றால் பிழை. எங்களிடம் பேசியவர்கள் இருந்த சில குழுக்களில் கடவுளின் பெயரே எடுபடுவதில்லை. வாழ்க்கையில் முன்னேறும் பயிற்சி, யோகாசன வகுப்பு, உணவு முறை, விற்பனைச் சங்கிலி என்றுதான் அவை தொடங்கின. ‘மூடக்குழு’ என்றால் உள்ளே இருந்தவரை முட்டாள் என்று நாங்களே சொன்னதாகிவிடும். கடைசியில் ‘மூடிய குழு’ என்று வைத்துக்கொண்டோம். வெளியே வந்தவரைக் குறிக்க ‘தப்பிப் பிழைத்தவர்’ என்று எழுதியபோது ஒரு விருந்தினர் மறுத்துவிட்டார். “அந்தச் சொல் ஷெல்லடிக்குள்ளால வந்த சனத்துக்குரியது. நான் வெளிய வந்தனான், அவ்வளவுதான்” என்றார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர்கள் ‘வெளியே வந்தவர்கள்’.

இந்த வேலையை ஏன் தொடங்கினோம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அதில் எங்களுக்குப் பெருமை இல்லை.

எங்கள் வகுப்பில் ஒருவர் இருந்தார். அவர் அனுமதித்த அளவே சொல்கிறோம். கணக்கில் கெட்டிக்காரி. விளையாட்டுப் போட்டிக்கு இல்லத்தை அலங்கரிக்கும்போது கயிறு எத்தனை யார் வேண்டுமென்று மனதிலேயே கணக்குப் பார்த்துச் சொல்லுவார். திருமணமாகி வெளிநாடு போனார். கணவருக்கு இரவு வேலை, கையில் குழந்தை, பக்கத்தில் சொந்தக்காரர் எவரும் இல்லை. மரக்கறிக் கடையில் சந்தித்த ஒரு பெண்மணி மூச்சுப் பயிற்சி வகுப்பொன்றுக்கு வரச் சொன்னார். போனார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது அந்த வகுப்பிலிருந்து மூன்று பேர் சோறு சமைத்துக்கொண்டு வந்தார்களாம். அந்த நாட்டில் அவர் வீட்டுக்கு ஒருவர் சோறு கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை. வகுப்பு கிழமைக்கு ஒரு நாள் என்று இருந்தது, பிறகு மூன்று நாள், பிறகு ஒவ்வொரு நாளும் விடிய நாலு மணிக்கு. முதலில் சேமிப்பு போனது, பிறகு நகை. “உன் முன்னேற்றத்தைத் தடுக்கிறவர்கள்” என்று ஒரு பட்டியல் எழுதச் சொன்னார்கள். முதற்பெயராக அவர் எழுதியது சொந்தத் தமக்கையின் பெயரை. பதினொரு வருடம்.

அந்தப் பதினொரு வருடத்தில் நாங்கள் என்ன செய்தோம்? எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு படம் போட்டார்கள். வெள்ளைச் சேலையோடு அந்தக் குழுத் தலைவருக்குப் பின்னால் அவர் கைகூப்பி நிற்கும் படம். ஒருவர் அதன் கீழ் ‘சாமியாரம்மா’ என்று எழுதினார். சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. எங்கள் மூவரில் இருவர் போட்டதும் அதில் இருக்கிறது. இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறோம். அந்த வட்ஸ்அப் குழுவில் அவரும் இருந்தார் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. அன்று மாலையே அவர் விலகிவிட்டார். அவர் விலகியதை நாங்கள் கவனித்ததோ மூன்று கிழமைக்குப் பிறகு.

பின்னொரு நாள் அவர் பிள்ளையோடும் ஒரு பையோடும் வெளியே வந்தார். எங்களில் ஒருவரையும் அழைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, வேறொருவர் மூலம் எங்களுக்குத் தெரியவந்தது. அழைத்துக் கதைத்தோம். “ஏனடி எங்களுக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டோம். “சொல்லியிருந்தா சிரிச்சிருப்பியள்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கின் விடையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த உரையாடலுக்குப் பிறகுதான் இப்படிப்பட்ட கதைகளைத் தேடிக் கேட்கத் தொடங்கினோம். ஆங்கிலத்தில் நிறைய இருக்கிறது. கனடா ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 2018 இல் வெளியிட்ட ஒரு தொடரில், ‘நெக்ஸியம்’ என்ற குழுவிலிருந்து வெளியேறிய நடிகை சாரா எட்மொன்ட்சன் பேசினார். வெற்றிகரமாக வாழப் பயிற்சி என்று வகுப்புகள் விற்ற குழு அது. அதன் தலைவர் கீத் ரனியருக்கு 2020 இல் நியூயோர்க் நீதிமன்றம் 120 வருடச் சிறைத்தண்டனை விதித்தது. சாராவும் அவரது கணவரும் இப்போது தாங்களே ஒரு பொட்காஸ்ட் நடத்துகிறார்கள். அவற்றைக் கேட்கும்போது எங்களுக்குத் தோன்றியது ஒன்றுதான். எங்கள் ஆட்களுக்கு இப்படிப் பேச ஓர் இடம் இல்லை. வீட்டில் பேசினால் வெட்கம், கோயிலில் பேசினால் ஊருக்கே தெரியும். ஆங்கிலத்தில் பேசலாம் என்றால், “அம்மா என்னோட கதைக்காமல் விட்டா” என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது என்கிறார்கள். இறங்கக்கூடாத பாதி.

முதல் நிகழ்ச்சிக்கு விருந்தினரை அழைக்கப் பயமாக இருந்தது. அதனால் ஏற்கெனவே நீதிமன்றத்துக்கும் நூல்களுக்கும் வந்துவிட்ட, நாங்கள் வாழும் இந்த நகரத்தின் கதையொன்றை எடுத்தோம். விடுமுறைக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டண்டினோங் மலைப்பக்கம் போகிறோமே, அங்கே ஃபேர்னி கிறீக் என்ற இடத்தில் ‘த ஃபமிலி’ என்று அழைக்கப்பட்ட குழுவின் மண்டபம் இருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் சாந்திநிகேதன். எங்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் தாகூரும் மரநிழல் வகுப்பும்தான் நினைவுக்கு வரும். அதற்குப் பிறகு அந்தப் பெயரை முன்புபோலச் சொல்ல முடியவில்லை.

1960களில் அன் ஹமில்ற்றன்-பேர்ண் என்ற யோகாசன ஆசிரியையும், மெல்பேண் பல்கலைக்கழகத்தின் குயீன்ஸ் கல்லூரித் தலைவராயிருந்த பௌதிகவியலாளர் றேனர் ஜோன்சனும் அந்தக் குழுவைத் தொடங்கினார்கள். சேர்ந்தவர்களில் வைத்தியர்கள், மனநல மருத்துவர்கள், தாதியர், சட்டத்தரணிகள் பலர். அங்கத்தவர்களின் பிள்ளைகளும், முறைகேடாகத் தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளும் எயில்டன் ஏரிக்கரையில் ஒரு வீட்டில் வளர்க்கப்பட்டார்கள். அன் தான் பெற்ற தாய் என்று நம்பவைத்தார்கள். பலருக்குத் தலைமயிரை வெளிறச்செய்து, ஒரே மாதிரி உடுப்புப் போட்டார்கள். அடி, பட்டினி, மயக்க மாத்திரை. வளர்ந்த பிள்ளைகளுக்கு எல்எஸ்டி போதைமருந்து. அந்தப் பிள்ளைகளைக் காவல் பார்த்த பெண்களைப் பிள்ளைகள் எப்படி அழைத்தார்கள் தெரியுமா? ‘ஆன்ரி’. எங்கள் பிள்ளைகள் இந்த மண்டபத்தில் உங்கள் எல்லோரையும் அழைப்பது போல.

1987 ஓகஸ்ட் 14 அன்று பொலிஸார் அந்த வீட்டுக்குள் புகுந்து பிள்ளைகளை மீட்டார்கள். குழுவிலிருந்து துரத்தப்பட்டிருந்த சாரா என்ற இளம்பெண் கொடுத்த தகவல் அதற்குப் பெரிதும் உதவியது. அவர் பின்னர் படித்து வைத்தியரானார், 1995 இல் தன் கதையை நூலாக எழுதினார், 2016 இல் காலமானார். அன்னும் கணவரும் 1993 இல் நியூயோர்க் மாநிலத்தில் கைதுசெய்யப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்டார்கள். பொய்ப் பத்திரம் கொடுத்த குற்றத்துக்கு ஆளுக்கு 5000 டொலர் தண்டம். அவ்வளவுதான். 2019 இல், 97 வயதில், அன் இறந்தார்.

அந்த நிகழ்ச்சிக்கு வந்த பதில்களில் அதிகம் இருந்த கேள்வி: “இவ்வளவு படித்தவர்கள் எப்படி?” நாங்களும் அப்படித்தான் கேட்டிருந்தோம். இப்போது அந்தக் கேள்வியைத் தலைகீழாகப் பார்க்கிறோம். கையெழுத்து வைக்கவும் மருந்து எழுதவும் கட்டில் கொடுக்கவும் படித்தவர்கள் இல்லாமல் அந்த வீடு ஒரு மாதம்கூட ஓடியிருக்காது. சொன்னதைச் சுத்தமாகச் செய்து முடிக்கிறவர்களைத்தான் இப்படிக் குழுக்களும் தேடும். ரீச்சர்மார் கோபிக்க வேண்டாம். வரிசையில் நில் என்றால் நிற்கவும், கேள்வி கேட்காமல் பொறுப்பை ஏற்கவும் எங்களைப் போல் பழக்கப்பட்ட பெண்கள் வேறெங்கும் கிடைப்பது கடினம். அந்தப் பழக்கம் எங்களை வாழவைத்தது. எங்கள் வகுப்புத் தோழியை நாலு மணிக்கு எழுப்பியதும் அதே பழக்கம்தான்.

நிகழ்ச்சி எப்படித் தயாராகிறது என்று பலர் கேட்கிறீர்கள். கலையகம் ஒன்றும் இல்லை. எங்களில் ஒருவரின் சேலை அலுமாரிதான். காஞ்சிபுரமும் கைத்தறியும் தொங்கும் இடத்தில் எதிரொலி வராது. அதற்குள் ஒரு முக்காலி, ஒரு மைக். விருந்தினர் வேறு நாட்டில் இருந்தால் அவரையும் உடுப்பு அலுமாரிக்குள் இருக்கச் சொல்வோம். ஒருவர் சிரித்துவிட்டு, “குழுவுக்கு ஒளிச்சு அக்காவோட கதைச்சதும் அலுமாரிக்குள்ள இருந்துதான்” என்றார்.

முதல் இரண்டு உரையாடல்களில் ஒலிப்பதிவு இல்லை. மூன்றாவதில்தான் பதிவு. இரவு நேரத்தில் பதிவதில்லை; கதைத்த பிறகு அவர்களுக்கு நித்திரை வராது என்பதைப் பட்டுத்தான் அறிந்தோம். மறுநாள் காலை எங்களில் ஒருவர் கட்டாயம் அழைப்போம். நாங்கள் உளவளத்துணையாளர்கள் அல்ல என்பதை ஒவ்வொருவருக்கும் சொல்லி, அப்படிப்பட்ட ஒருவரைத் தேடிக்கொள்ள உதவுகிறோம். தொகுத்த ஒலியை அவர்களுக்கு அனுப்புகிறோம். அவர்கள் வேண்டாம் என்ற வரி போய்விடும். முழுவதும் வேண்டாம் என்றால் முழுவதும் போய்விடும், வெளியான பிறகும்கூட. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாத எந்தக் குழுவின் பெயரையும் சொல்வதில்லை. “பெயரைச் சொல்லுங்கோவன்” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவதூறு வழக்கு வந்தால் எங்கள் வீட்டோடு போகாது, பேசியவரையும் இழுக்கும்.

“ஏன் அப்பவே வெளியில வரேல்லை?” என்று நாங்கள் கேட்பதில்லை. முதல் விருந்தினரிடம் கேட்டோம். அவர் பேச்சை நிறுத்தினார், அன்று பிறகு பேசவே இல்லை. இப்போது, “அங்கே ஒரு சாதாரண நாள் எப்படி விடியும்?” என்று கேட்கிறோம். அதற்குப் பதில் வந்துகொண்டே இருக்கும். எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும், யார் முதலில் சாப்பிட வேண்டும், தொலைபேசி யார் கையில், குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா. நாலு மணித்தியாலம் நித்திரை கொண்டு, ஒருநேரம் சாப்பிட்டு, ஒரு சதம் கையில் இல்லாமல் இருந்த ஒருவரிடம் ஏன் வரவில்லை என்று அதற்குப் பிறகு எவருக்கும் கேட்க வாய் வராது.

இன்னொன்று அவர்களின் சொற்கள். சீனாவில் ‘சிந்தனைச் சீர்திருத்தம்’ என்ற பெயரில் நடத்தப்பட்டதை அனுபவித்து வந்தவர்களை ஆராய்ந்த ரொபேட் லிஃப்ரன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1961 இல் எழுதிய நூலில், இத்தகைய இடங்களின் எட்டு அடையாளங்களைக் குறிப்பிட்டார். சொற்களுக்குத் தனிப் பொருள் ஏற்றிவிடுவது அவற்றில் ஒன்று. எங்கள் விருந்தினர் ஒருவரின் குழுவில் சந்தேகத்துக்கு ‘அழுக்கு’ என்று பெயர். வெளியே வந்து ஆறு வருடத்துக்குப் பிறகும் வங்கிக் கடிதமொன்றில் ஏதோ பிழை என்று தோன்றியபோது அவர் செய்த முதல் வேலை குளித்தது.

இனி எங்கள் பிழை ஒன்று. இதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கக்கூடாது என்று மூவரும் பேசி முடிவெடுத்தோம்.

இரண்டாவது வருடத்தில் ஒரு தாய் எங்களிடம் பேசினார். அவர் வெளியே வந்துவிட்டார். வளர்ந்த மகன் உள்ளே இருக்கிறார். பெயரை மாற்றினோம், குரலை மாற்றினோம், நாட்டின் பெயரை எடுத்துவிட்டோம். ஆனால் ஊரில் தன் தகப்பனார் என்ன கடை வைத்திருந்தார் என்பதையும், எந்தத் திருவிழாவுக்கு முன்தினம் தான் பிறந்தார் என்பதையும் அவர் ஆசையாகச் சொல்லியிருந்தார். கேட்க அழகாக இருந்தது. விட்டுவிட்டோம். இரண்டு நாள் போகவில்லை. எங்கள் சனத்துக்குக் கடையைச் சொன்னால் ஒழுங்கையைச் சொல்லும், ஒழுங்கையைச் சொன்னால் வீட்டு இலக்கத்தைச் சொல்லும். யாரோ கண்டுபிடித்து யாருக்கோ அனுப்ப, அது குழுவுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. மாதத்தில் ஒரு தடவை, பத்து நிமிடம், மகன் தாயை அழைக்க அதுவரை அனுமதி இருந்தது. அந்த அழைப்பு நின்றது.

நிகழ்ச்சியை அன்றே எடுத்துவிட்டோம். எடுத்ததால் அழைப்பு திரும்பி வரவில்லை. அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லது என்று இன்றும் நினைக்கிறோம். பொட்காஸ்டை நிறுத்திவிடலாம் என்று எட்டு மாதம் ஒன்றும் பதியாமல் இருந்தோம். மீண்டும் தொடங்கச் சொன்னவரும் அவர்தான். இப்போது ஒவ்வொரு பதிவையும் வெளியிடுமுன், எங்கள் ஊர்ச் செய்தி எல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கும் ஓர் அக்காவுக்குப் போட்டுக் காட்டுகிறோம். “யாரென்று கண்டுபிடியுங்கோ” என்போம். அவரால் முடிந்தால் மறுபடி வெட்டுவோம். அவர் இங்கேதான் இருக்கிறார், தன்னைத்தான் சொல்கிறோம் என்று தெரிந்து சிரிக்கிறார்.

2025 இல் விக்ரோறியாப் பாராளுமன்றக் குழுவொன்று மூடிய குழுக்கள் ஆட்களைச் சேர்க்கும், கட்டுப்படுத்தும் முறைகள் பற்றிய விசாரணையைத் தொடங்கியது. ஜீலோங்கில் உள்ள ஒரு சபை பற்றிய பொட்காஸ்ட் தொடர் அதற்கு முன் பெரும் கவனத்தைப் பெற்றிருந்தது. யாருடைய நம்பிக்கையையும் விசாரிக்கவில்லை, வற்புறுத்தலையும் கட்டுப்பாட்டையும்தான் பார்க்கிறோம் என்று அந்தக் குழு சொன்னது எங்களுக்குப் பிடித்தது. எங்களிடமும் இதே குழப்பத்தோடு வருகிறார்கள். “எங்கட தியான வகுப்பும் அப்படியோ? எங்கட சபையும் அப்படியோ?” சேரும்போது எல்லா இடமும் ஒரே மாதிரித்தான் இருக்கும். விமான நிலையத்தில் வந்து ஏற்றுவார்கள், அறை பார்த்துத் தருவார்கள், சோறு கொண்டுவருவார்கள். இந்தச் சங்கமும் அதைத்தானே செய்தது? போகும்போது என்ன நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள் என்போம். இந்தச் சங்கத்துக்கு மூன்று வருடம் சந்தா கட்டாமல் விட்டால் பொருளாளர் அழைத்து அறுப்பார், அதற்கு மேல் ஒன்றுமில்லை. உங்கள் தங்கையை உங்களோடு பேசாதே என்று சொல்லமாட்டார்.

எங்கள் வகுப்புத் தோழிக்கு அந்தக் குழு தமக்கையை இல்லாமல் செய்தது. தோழிகளை இல்லாமல் செய்தவர்கள் நாங்கள்.

அவர் இப்போது எங்கள் பொட்காஸ்டின் வரவு செலவைப் பார்க்கிறார். பெரிய கணக்கு ஒன்றும் இல்லை, ஆனால் ஐந்து சதம் பிழைத்தாலும் விடமாட்டார். தன் கதையை அதில் இதுவரை அவர் சொல்லவில்லை; நாங்கள் கேட்கவும் இல்லை. அவர் இந்த மண்டபத்தில் இருக்கிறாரா என்று சிலர் திரும்பிப் பார்ப்பது இங்கிருந்து தெரிகிறது. தயவுசெய்து பார்க்க வேண்டாம். எடுத்துவிட்ட அந்தத் தாயின் பதிவு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. மகன் வெளியே வரும் அன்று போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

இன்று மைக் எதுவும் கொண்டுவரவில்லை. யாராவது எங்களோடு தனியே கதைக்க விரும்பினால், ரோல்ஸ் வைத்திருக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்போம்.